மண்ணில் ஓட்ட ஒரு பழைய டூ ஸ்ட்ரோக்: மதுரைப் பக்கம் வாங்குவதும் சரிசெய்வதும்

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில், அதாவது பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் பைக்கில், காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டுதான்: காற்றுக் கசியாத கிராங்க் கேஸ் (கிராங்க் சுழலும் என்ஜினின் அடிப்பெட்டி), வில்லங்கமில்லாத ஆர்.சி. புத்தகம். டேங்க், சீட், சைலன்சர், விளக்கு, பெயின்ட் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதல் வண்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். டேங்கின் பளபளப்பில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, என்ஜினையும் காகிதத்தையும் அப்புறம் பார்க்கிறார்கள்.

முதலில் எந்த வண்டி என்பதை முடிவுசெய்யுங்கள். மோட்டோகிராஸ் என்னும் மண்தடப் பந்தயத்துக்கென்றே தயாரான யமஹா ஒய்இசட் 125, கேடிஎம் 125 எஸ்எக்ஸ் போன்ற வண்டிகள் இறக்குமதியானவை. அவற்றுக்கு முகப்பு விளக்கு கிடையாது, பதிவெண் கிடைக்காது, சாலையில் ஒரு தெருவைக்கூட ஓட்டிக் கடக்க முடியாது. சிலிண்டரின் உள்சுவரில் கடினமான பூச்சு இருப்பதால் நம் ஊர் லேத்தில் போர் போடவும் (துளையைக் கடைந்து பெரிதாக்கவும்) முடியாது. பிஸ்டனை மாற்றுவது கிலோமீட்டர் கணக்கில் இல்லை, ஓடிய மணிநேரக் கணக்கில். பழகுகிற கைக்கு இது வேண்டாத செலவு.

நமக்குக் கட்டுப்படியாகிற வண்டிகள் யமஹா ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, சுசுகி ஷோகன். இந்திய மண் பந்தயங்களில் பல ஆண்டுகள் ஓடியவையும் இவைதான். ஆர்எக்ஸ் 100 இங்கே 1985 முதல் 1996 வரை தயாரானது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. ஷோகன் 108 சிசி. மேல் வேகத்தில் துள்ளல் அதிகம், ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். ஆர்எக்ஸ் பாகங்கள் அசலும் நகலுமாக இன்றைக்கும் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், டேங்க் நசுங்கி, சைடு பேனல் தொலைந்துபோன ஓர் ஆர்எக்ஸ் 135தான் சரியான தொடக்கம். அழகான ஆர்எக்ஸ் 100-இன் விலையில் பாதி அதன் பெயருக்கே போய்விடுகிறது. அதை வாங்கி மட்கார்டை அறுத்து மண்ணில் புரட்டுவது வண்டிக்கும் கேடு, பணத்துக்கும் கேடு.

மதுரையில் ஒரு வசதி உண்டு. 1911இல் டிவிஎஸ் தொடங்கிய ஊர் இது. 1980இல் வந்த டிவிஎஸ் 50 இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பால்கேனும் வைக்கோலும் சுமந்து தேய்ந்த வண்டி. அதனால் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஐம்பது வயதைக் கடந்த மெக்கானிக் யாரைக் கேட்டாலும் டூ ஸ்ட்ரோக் என்ஜினின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார். வண்டி பார்க்கப் போகும்போது அப்படி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்துவிடுவது மரியாதை.

காகிதம்

ஆர்.சி. பார்க்காமல் வண்டியை உதைத்துப் பார்க்கவும் வேண்டாம். மதுரை தெற்கு டிஎன் 58, வடக்கு 59, மத்தி 64. பக்கத்து மாவட்டங்களிலிருந்து திண்டுக்கல் 57, தேனி 60, சிவகங்கை 63, விருதுநகர் 67 வண்டிகளும் விற்பனைக்கு வரும். 1989க்கு முன் பதிவான வண்டியில் மூன்றெழுத்துப் பழைய எண் இருக்கும். அதில் தவறு ஒன்றுமில்லை.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். நீங்கள் பார்க்கிற ஆர்எக்ஸ் எதுவும் இந்த எல்லையைத் தாண்டியதாகத்தான் இருக்கும். பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் காலாவதித் தேதி தெரியும், கடன் குறிப்பும் தெரியும். கடன் குறிப்பு இருக்கிறதா என்பது முக்கியம். தொண்ணூறுகளில் தவணையில் எடுத்த வண்டி, கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும். அந்த நிறுவனமே இன்று இல்லாவிட்டால் கடன் பெயரை நீக்கும் படிவம் 35இல் யார் கையெழுத்துப் போடுவது? இந்தச் சிக்கலை விற்பவரே தீர்த்துவிட்டு வரட்டும்.

அடுத்தது எண். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் இரும்பில் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுக்கைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, சாய்வாக டார்ச் அடித்துப் படியுங்கள். எண்ணைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடமோ, எழுத்துகளில் ஒன்று மட்டும் வரிசை தப்பி நிற்பதோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் வண்டிகள் திருட்டுக்குப் பேர்போனவை. என்ஜினை மட்டும் மாற்றிப் போடுவதும் சகஜம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் வண்டி திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்டிஓ எல்லை என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. "கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுகிறேன் தம்பி, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்" என்று சொல்பவரிடம் பணத்தின் ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வையுங்கள்.

மண்ணில் மட்டுமே ஓட்டப்போகிறேன், எனக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். வண்டியைச் சரக்கு வேனில் ஏற்றிக் கொண்டுபோகும்போதும் வழியில் நிறுத்திக் கேட்பார்கள். விற்கும்போதும் காகிதம் இருக்கிற வண்டிக்குத்தான் விலை. இன்னொன்று: விளக்கைக் கழற்றி, சைலன்சரை மாற்றி, ஹேண்டில்பாரை அகலமாக்கிய வண்டியைச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் மாட்டும். மண்ணுக்கு என்று மாற்றிவிட்டால் அது மண்ணோடு இருக்கட்டும்.

குளிர்ந்த என்ஜினைப் பாருங்கள்

முதல் நாள் இரவே போன் செய்து, "அண்ணே, காலையில் நான் வரும்வரை வண்டியை உதைக்காமல் வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) கை வைப்பது. சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை உங்களிடமிருந்து மறைக்கச் சூடாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் டீ குடித்துவிட்டு ஒரு மணிநேரம் கழித்து வாருங்கள்.

கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். உடல் எடையைப் போடாமல் கையாலேயே சுலபமாக இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) போய்விட்டது என்று பொருள். அந்த அழுத்தத்தை அளக்கும் கேஜ் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்துவைத்து உதையுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: 120 பி.எஸ்.ஐ. இருந்தால் திருப்தி, 100க்குக் கீழே போனால் போர் வேலையை விலையில் கழிக்க வேண்டும். கழற்றிய பிளக்கையும் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது. வெள்ளையாக வெந்து கிடந்தால் எங்கோ காற்று அதிகமாகப் போகிறது. ஈரமான கருப்பு என்றால் எண்ணெயோ பெட்ரோலோ மிஞ்சுகிறது. இது வெள்ளையைவிட எவ்வளவோ தேவலை.

பிறகு சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். சில நட்டுதான். மறுத்தால் காரணம் இருக்கும். எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்து, மெதுவாகக் கிக்கரை அசைத்தால் பிஸ்டனின் முகம் மேலும் கீழும் நகர்வது தெரியும். மந்தமான சாம்பல் பளபளப்பு, லேசான நெடுக்குக் கோடுகள் என்றால் சாதாரணத் தேய்மானம். அலுமினியம் இழுபட்டு மெழுகுபோல் அப்பிக்கிடந்தால் ஒருமுறை பிஸ்டன் சீஸ் ஆகியிருக்கிறது, அதாவது சிலிண்டரில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஏன் சீஸ் ஆனது என்று கேளுங்கள். "ஆயில் தீர்ந்துவிட்டது" என்றால் சரி. "தெரியவில்லை" என்றால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் சீஸ் ஆகும்.

காற்று எங்கே கசியும்? டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் ஆயிலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன. கிராங்கின் இரு முனையிலும் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. மேக்னட் (மின்சாரம் தரும் பகுதி) பக்கத்து சீல் இறுகிப்போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும், சூடு ஏறும். ஐட்லிங்கில் என்ஜின் தானாக இரைந்து, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இறங்கத் தயங்கினால் சந்தேகப்பட வேண்டியது இந்த சீலைத்தான். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். முதல் நோய் பிஸ்டனைத் தின்னும், இரண்டாவது பிளக்கைத் தின்னும்.

கடைசியாக மேக்னட் மூடியைத் திறந்து, ரோட்டரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராங்க் பேரிங் போயிற்று. என்ஜினைப் பிளக்க வேண்டும். அதற்கேற்ற விலை பேசுங்கள், அல்லது அடுத்த வண்டியைப் பாருங்கள்.

சேசிஸில் பார்க்க வேண்டிய இடம் ஹேண்டில் கழுத்து. அங்கே தொழிற்சாலை வெல்டிங்குக்கு மேல் வேறு வெல்டிங் இருந்தாலோ பெயின்ட் அடியில் வெடிப்புக் கோடு ஓடினாலோ வாங்காதீர்கள். ஃபோர்க் வளைவு, ஸ்விங் ஆர்ம் புஷ், ரிம் கோணல் எல்லாம் தீரக்கூடியவை.

வேலை

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஆயில் பம்ப் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஆர்எக்ஸில் டூடி ஆயிலுக்கு (பெட்ரோலோடு எரியும் டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கு) தனி டேங்கும் பம்பும் உண்டு. பழைய உரிமையாளர்கள் பலர் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டியிருப்பார்கள். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் அடுத்த ஊர் போவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பம்ப் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு 25 மில்லி என்பது 40க்கு 1. மண்ணில் மூச்சுமுட்ட ஓட்டுகிற புதியவருக்கு 30 மில்லி வைப்பதே பாதுகாப்பு. பம்ப் நல்ல நிலையில் இருந்தால் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கேபிளின் அளவுக்குறியைச் சரிபார்த்து, குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் செய்துகொண்டால் போதும்.

பிரிக்கும் முன் வண்டியை நன்றாகக் கழுவுங்கள். என்ஜின் மேலிருக்கும் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் செய்த வேலை வீண்.

பிளாக்கைக் (சிலிண்டரை) கழற்றியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். துளி ஆட்டமும் கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. ஆட்டம் இருந்தால் கிராங்கை லேத்துக்குக் கொண்டுபோய் ராடு கிட் மாற்ற வேண்டும். அங்கே ஒன்று மட்டும் கேளுங்கள்: டயல் கேஜ் வைத்து நேர் பார்ப்பார்களா? சுழலும்போது முனைகளின் கோணலாட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டி, கண்ணால் பார்த்துத் தருகிற இடத்தில் கொடுத்தால் புது பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். எப்படியும் என்ஜினைப் பிளந்துவிட்டால் இரண்டு ஆயில் சீலையும் இரண்டு பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். இங்கே மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

போர் வேலைக்குக் கொடுக்கும்போது புதுப் பிஸ்டனைக் கையோடு கொண்டுபோங்கள். ஓவர்சைஸ் (அசல் அளவைவிடப் பெரிய பிஸ்டன்) 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என ஏறும். பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் போட வேண்டுமே தவிர, துளையைப் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. ஏற்கெனவே 1.00இல் நிற்கும் பிளாக் என்றால் ஸ்லீவ் (உள்ளே புதிதாகப் போடும் குழாய்) செலவும் சேரும். போர் போட்ட பிறகு, சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகும் போர்ட் துளைகளின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக நிற்கும். அதை மழுக்கித் தரச் சொல்லுங்கள். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கூர்விளிம்பு பிஸ்டன் ரிங்கைக் கொத்தி உடைத்தால் துண்டு பிஸ்டன் தலையில் அடித்துக்கொண்டே வெளியேறும். வாங்கும்போது விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு துளையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

பிறகு பிளாக்கை வெந்நீரும் சோப்பும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை வராத அளவுக்குக் கழுவி, உடனே ஆயில் பூசுங்கள். ரிங்கை மட்டும் துளைக்குள் நேராக வைத்து இடைவெளியைப் பார்த்தால் 50 மி.மீ. துளைக்கு ஏறக்குறைய 0.2 மி.மீ. இருக்கும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் முனைகள் பிஸ்டனில் உள்ள சிறு ஊசியின் இருபுறமும் உட்கார வேண்டும். சர்க்கிளிப் (பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையம்) புதிதாகவே போடுங்கள். மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். அது தெறித்து உள்ளே போனால் என்ஜினை மறுபடி பிளப்பதுதான் வழி.

பூட்டி முடித்ததும் பலரும் செய்யாத சோதனை ஒன்று இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பம்பும் முள்ளும் போதும். கார்ப்பரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் ஷீட் வைத்து இறுக மூடி, பிஸ்டனைக் கீழே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றுங்கள். முள் 250இல் நின்றால் அது ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. ஐந்து நிமிடத்துக்கு முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள்: பேக்கிங், சீல், கார்ப்பரேட்டரை இணைக்கும் ரப்பர் பூட் எதுவாகவும் இருக்கும். பட்டறையில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்தாலும் செய்யச் சொல்லுங்கள்.

கார்ப்பரேட்டரைக் கழற்றி எல்லாத் துளைகளையும் காற்றடித்துச் சுத்தம்செய்யுங்கள். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையில் கம்பி விடாதீர்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் கலவை சற்றே வறண்டு போகும் (காற்று மிஞ்சும்). மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக வைத்துத் தொடங்கி, பிளக் நிறம் பார்த்துக் குறைத்துக்கொள்வது நல்லது. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்தும்போது கார்ப்பரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

மண்ணுக்கான மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரரே ஆர்வமாகச் சொல்லித் தருவார். பட்டன் டயர், குறுக்குக் கம்பி வைத்த அகல ஹேண்டில்பார், உயர்த்திய முன் மட்கார்டு, பல் வைத்த ஃபுட்ரெஸ்ட். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டியதற்கு ஏறக்குறைய சமம். முதலில் இந்த மலிவான வழியைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் புழுதி மாவு போன்றது. பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஆயிலில் நனைந்திருந்தால்தான் அதைத் தடுக்கும்.

பழக்குவது

புது பிஸ்டனை முதல் நாளில் மூன்று முறை சூடாக்கி முழுக்க ஆற விடுங்கள். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகு அரை ஆக்ஸிலேட்டருக்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நிற்காமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே நெடுந்தூரம் இறங்காதீர்கள். பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது என்பதால் மூடிவைத்தால் இரண்டும் மிகவும் குறைந்துவிடும். இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் போதும்.

எங்கே ஓட்டுவது? தெரிந்தவர் தரிசு நிலம், அவர் அனுமதியோடு. சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பாறைச் சரிவு எவ்வளவு ஆசை காட்டினாலும் அங்கே டயர் படக் கூடாது. கண்மாய்க் கரையில் ஓட்டினால் கரை அரிக்கும், ஊர்க்காரர்களும் சும்மா விடமாட்டார்கள். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் காய்ந்திருக்கும்போது ஓட்டலாம். ஒரு மழை பெய்தால் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பி, வண்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். தலைக்கவசம், முட்டிக் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ் இவற்றின் செலவை வண்டி விலை பேசும்போதே ஒதுக்கி வையுங்கள்.

ஒவ்வொரு முறை ஓட்டி வந்த பிறகும் ஃபில்டரைக் கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு நீரில் பிழிந்து, நிழலில் உலர்த்தி, ஆயில் தோய்த்து மாட்டுங்கள். கழற்றும்போது கார்ப்பரேட்டர் பக்கத்துக் குழாயின் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் ஃபில்டரின் விளிம்பு சரியாக உட்காரவில்லை. அங்கே கெட்டியாகக் கிரீஸ் பூசி மாட்டிய பிறகுதான் அடுத்த முறை உதைக்க வேண்டும்.